தெரியாது என்று சொன்ன கம்ப்யூட்டர்

அத்தியாயம் 7

செங்கல் அம்சவல்லியின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிச் சிதறியது.

"நல்லாப் பாத்து எறி கண்ணு," என்றாள் அவள், குனிந்தபடியே. "காதுல தோடு கீது. ஒரே ஜோடிதான் வெச்சிருக்கேன்."

ஜன்னலும் கதவும் இன்னும் வைக்காத அந்த அரைகுறை வீட்டின் மூலையில் ஓர் இளைஞன் அடுத்த செங்கலை ஓங்கியபடி நின்றிருந்தான். இடது கையால் ஓங்கியிருந்தான். வலது கையைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டில் ரத்தம் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. ஒரு கண் முழுக்க மூடி வீங்கியிருந்தது.

"கீழே போடுங்க ரகு," என்றார் பின்னாலேயே வந்த கோதண்டம். "நாங்க அடிக்க வரல."

"முன்னாடி வந்தவங்களும் இதத்தான் சொன்னாங்க."

"அவங்க மூஞ்சி இவ்வளவு அழகா இருந்துச்சா?" என்று அம்சவல்லி தன் முகத்தைக் காட்டிக் கேட்டாள். ரகு சிரிக்கவில்லை. ஆனால் செங்கல் கொஞ்சம் தாழ்ந்தது.

கோதண்டம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யான தீ விபத்துகளைப் பிரித்து மேய்ந்தவர். இப்போது தாம்பரத்தில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அம்சவல்லி அவருடைய உதவியாளர். பிறந்து வளர்ந்தது இதே படப்பையில்தான். டெலிபோன் ஆபரேட்டராக நாலு வருடம் ஊர்க்கதை கேட்டுவிட்டு, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்துவிட்டு, அவரிடம் வந்து சேர்ந்தவள். ரகுவின் அக்கா படப்பையில் புது மனை வாங்கி வீடு கட்டுகிறாள் என்ற செய்தி அவளுக்கு ஒரு மளிகைக் கடை வாசலில் கிடைத்தது. மழையால் மூன்று நாளாக அங்கே வேலை நின்றிருப்பதும் கிடைத்தது. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எது?

இருவரையும் அன்று, வெள்ளிக்கிழமை காலை, அனுப்பி வைத்தவர் ஒரகடத்தில் இருக்கும், இரும்புத் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் ஒரு பிரஸ் கம்பெனியின் மேனேஜர் ராஜசேகர்.

அந்தக் கம்பெனியில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கொலை. சூப்பர்வைசர் நாகப்பனை, தகடு அழுத்தும் அச்சுகளை வைக்கும் அறையில் யாரோ இரும்புத் தடியால் மண்டையைப் பிளந்திருந்தார்கள். பிணத்தின் பக்கத்தில் கையெல்லாம் ரத்தமாக மண்டியிட்டிருந்தவன் பாபு. பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களை மூன்று மாதத்துக்கு முன் பறிகொடுத்த தொழிலாளி. "உன்னையும் இதே மாதிரி நசுக்குறேன் பாரு" என்று விரல் போன அன்றைக்கே நாகப்பனைப் பார்த்துக் கத்தியவன். நாற்பது பேர் சேர்ந்து அவனை அடித்துத் தூணில் கட்டினார்கள். அன்று சாயந்திரமே நாகப்பனின் ஊர்க்காரர்கள் பாபுவின் வீட்டைக் கொளுத்தினார்கள். அவன் மனைவி பாஞ்சாலி பின்பக்கக் கீற்றைக் கிழித்துக்கொண்டு உயிர் தப்பினாள்.

யார் எந்தக் கதவில் எப்போது நுழைந்தார்கள் என்பதைச் சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. கம்பெனிக்கு அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒவ்வொரு கதவிலும் அட்டையைத் தேய்த்தால்தான் பூட்டு திறக்கும். பெயரும் நேரமும் தானாகப் பதியும். ஆனால் புதன்கிழமை காலையில் அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனது.

"ஆபரேட்டிங் சிஸ்டம் ஒடஞ்சு போச்சு மிஸ்டர் கோதண்டம்," என்று ராஜசேகர் காலையில் சொல்லியிருந்தார். "அதைப் போட்டுக் குடுத்த ரகுங்கிறவன் ஓடிட்டான். போறப்ப கம்பெனி போர்டு ஒண்ணையும் திருடிட்டான். ஆளைக் கண்டுபிடிச்சா உள்ளே போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிங்க. அது போதும்."

"நீங்க திருடினது எங்க?" என்று கோதண்டம் இப்போது ரகுவிடம் கேட்டார்.

ரகு சட்டைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பச்சைப் பலகையை எடுத்தான். உள்ளங்கை நீளம். மேலே கறுப்புப் பூச்சிகள் போலச் சின்னச் சின்னச் சில்லுகள்.

"திருடல சார். குப்பைத் தொட்டியில கிடந்துச்சு. டிஸ்க்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைக்கிற கன்ட்ரோலர் போர்டு இது. புதன்கிழமை நான் வழக்கமான சர்வீஸுக்குப் போனேன். சிஸ்டம் போச்சு, நீ கிளம்புன்னு மேனேஜர் சொன்னார். மனசு கேக்கல. பெட்டியைத் திறந்து பாத்தா, உள்ளே வேற ஒரு போர்டு இருக்கு. புத்தம் புதுசு. இதத் தூக்கிக் கடாசியிருக்காங்க."

"புதுசு போட்டா நல்லதுதானே?" என்றாள் அம்சவல்லி.

"அந்தப் போர்டோட பேசுறதுக்கு என் சிஸ்டத்துல புரோகிராமே கிடையாது மேடம். பழசை மாட்டுங்க, அஞ்சு நிமிஷத்துல ஓடும்னு அவர்கிட்டயே சொன்னேன். சரி, நாளைக்கு வான்னார். சாயந்திரம் வண்டலூர் ரோட்டுல என் சைக்கிளை ஒரு வேன் இடிச்சுது. ரெண்டு பேர் இறங்கினாங்க. என் கையைக் கல்லு மேல வெச்சாங்க." அவன் துண்டு சுற்றிய கையைப் பார்த்தான். "இனிமே கீபோர்டு தொடக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்க. லாரி ஒண்ணு வந்ததால விட்டுட்டு ஓடினாங்க."

கோதண்டத்தின் முகம் மாறியது.

"அம்சா. நான் பத்து நிமிஷம் முன்னாடி பஸ் ஸ்டாண்ட் பூத்துலேர்ந்து போன் பண்ணேன்ல?"

"ஆமா. நம்ம கட்சிக்காரருக்கு."

"விலாசமும் சொன்னேன்."

அம்சவல்லிக்குப் புரிந்தது. மோப்பம் பிடிக்க நாய் வேண்டும் என்று ஒருவன் அமர்த்தியிருக்கிறான். அவர்களும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து, ஆளைக் காட்டியும் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வேன் ஒன்று சேற்றில் உறுமி நின்றது.

"சார்," என்றாள். "அடுத்த வாட்டி கட்சிக்காரர் போன் அடிக்கச் சொன்னா ராங் நம்பர் போடுங்க."

அவள் ரகுவை இழுத்துக்கொண்டு கைப்பிடியில்லாத படிக்கட்டில் ஏறினாள். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் ஒன்றரை அங்குலக் குழாய். மற்றவன் கையில் வீச்சரிவாள். பேச்சே இல்லை. அரிவாள்காரன் நேரே கோதண்டத்தின் மேல் பாய்ந்தான். அவர் ஒதுங்கியும் இடது முழங்கை திறந்துகொண்டது. சதை இரண்டாகப் பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகுதான் ரத்தம் வந்தது.

குழாய்க்காரன் மூன்று மூன்று படியாக மேலே தாவினான். மாடியில் கான்கிரீட் போடுவதற்கான தகடுகள் மழைத்தண்ணீரோடு கிடந்தன. அம்சவல்லி சவுக்குக் கட்டை ஒன்றை உருவி, ஓங்காமல், அவன் மிதித்த தகட்டின் விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். தகடு வழுக்கியது. அவன் குழாயைக் காற்றில் வீசியபடி பின்பக்கமாகக் கீழே போனான். கீழே கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் விழுந்த சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிவது போல. கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு கெண்டைக்கால் எலும்பு வெளியே எட்டிப் பார்த்தது. அவன் ஊளையிட்டான்.

அந்த ஊளையில் அரிவாள்காரன் ஒரு கணம் திரும்பினான். மேலிருந்து ரகு எறிந்த செங்கல் இந்த முறை தவறவில்லை. அவன் மூக்கு இருந்த இடம் சப்பென்று அமுங்கியது. கோதண்டம் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிலைப்படியில் மூன்று தரம் மோதினார். மூன்றாவதில் அரிவாள் விழுந்தது. நாலாவதையும் மோதினார்.

"போதும் சார், கை தனியா வந்துரும்," என்றாள் அம்சவல்லி இறங்கி வந்து. தன் துப்பட்டாவை இரண்டாகக் கிழித்து, ஒன்றை அவர் முழங்கையில் கட்டினாள். மற்றதால் அரிவாள்காரனைக் கட்டினாள்.  

"யார் அனுப்பினது?"

"தெரியாது... போன் வரும்... இடம் சொல்வாங்க," என்று மூக்கில்லாத குரலில் வந்தது.

கோதண்டம் ரகுவைப் பார்த்தார். "பழைய போர்டை மாட்டினா செவ்வாய்க்கிழமை பதிவு தெரியுமா?"

"தெரியும். ஆனா மேனேஜர் இன்னிக்கு நாலு மணிக்கு டிஸ்க்கை ஃபார்மட் பண்ணப் போறார் சார். முதலாளியம்மா சரின்னு சொல்லக் காத்துக்கினு இருந்தார். என் அக்கா கம்பெனிக்குப் போன் பண்ணி விசாரிச்சா. ஃபார்மட் பண்ணா மொத்தமும் அழிஞ்சு போயிடும்."

கைக்கடிகாரத்தில் மூன்று பத்து. காலொடிந்தவனுக்கு ஆஸ்பத்திரி வண்டி அனுப்பச் சொல்லிப் பக்கத்து மனைக்காரரை ஓடவிட்டு, கட்டிய ஆளைப் பின்னால் உருட்டிப் போட்டுக்கொண்டு, அவர்கள் அதே வேனில் ஒரகடம் நோக்கிப் பறந்தார்கள். கோதண்டம் ஒற்றைக் கையால் ஓட்டினார். கியர் மாற்றும் வேலையை அம்சவல்லி செய்தாள்.

---

கம்ப்யூட்டர் அறை கண்ணாடித் தடுப்பு போட்ட குளிர் அறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரஸ் மெஷின்கள் தரையை அதிரவைத்து இடித்துக்கொண்டிருந்தன. அறைக்குள் மூன்று பேர். நாற்காலியில், பருத்திப் புடவையும் தடித்த கண்ணாடியுமாக முதலாளி சுந்தராம்பாள். புருஷன் போன பிறகு பதினோரு வருடமாகக் கம்பெனியை நடத்துகிறவர். அவர் பக்கத்தில், பதிவு அழிந்துபோனது என்று எழுதி வாங்கிப் போக வந்திருந்த இன்ஸ்பெக்டர் இராமச்சந்திரன். கம்ப்யூட்டர் முன்னால், கையில் ஃப்ளாப்பியோடு ராஜசேகர்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரத்தக் கட்டோடு மூவர் நுழைந்ததும் ராஜசேகரின் கை அப்படியே நின்றது. ஒரு நொடிதான்.

"சபாஷ் மிஸ்டர் கோதண்டம். திருடனைப் பிடிச்சுட்டு வந்துட்டீங்க."

"ஆமா சார். நீங்க அனுப்பின ஆளுங்க கொஞ்சம் முரட்டு ஆளுங்க," என்றார் கோதண்டம்.

"நான் யாரையும் அனுப்பல."

"அப்புறம் பேசுவோம். அம்மா, அஞ்சே நிமிஷம் இந்தப் பையனைப் பேச விடுங்க."

சுந்தராம்பாள் ரகுவின் கையைப் பார்த்தார். "சிஸ்டம் ஒடஞ்சு போச்சா, இல்லியா? சுருக்கமா சொல்லு."

"ஒடையலம்மா."

ராஜசேகர் சிரித்தார். "அம்மா, புதன்கிழமை காலையில சிஸ்டம் தானா படுத்துடுச்சு. போர்டு கோளாறோன்னு புதுசு வாங்கிப் போட்டேன். அந்தப் போர்டு நல்ல போர்டு. ஆபீஸ் ரூம்ல இருக்கிற டாஸ்னு வேற சிஸ்டம் ஓடுற கம்ப்யூட்டர்ல மாட்டினா அழகா ஓடுது. இதுல மாட்டினா அப்படி ஒண்ணு இருக்கிறதே இதுக்குத் தெரியல. பொருள் நல்லா இருக்கு, இந்தச் சிஸ்டத்தால பாக்க முடியல. அப்போ எது ரிப்பேர்? நீங்களே சொல்லுங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"பதில் சொல்லு," என்றார் சுந்தராம்பாள்.

ரகு அவர் பக்கம் திரும்பினான். "அந்தப் போர்டைச் செஞ்சவன் டாஸுக்கு மட்டும்தான் புரோகிராம் எழுதிக் குடுத்திருக்கான்மா. இதுல நான் போட்டிருக்கிற யூனிக்ஸுக்கு எழுதல. எழுதாத போர்டை என் சிஸ்டம் தெரியாதுன்னு சொல்லுது. அது உண்மையத்தான் சொல்லுது. எல்லாப் போர்டும் இதுல ஓடாதுங்கிறது குறைதான், ஒத்துக்கறேன். ஒடஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"குறையா இருந்தா இன்னா, ஒடஞ்சிருந்தா இன்னா? எனக்கு ரெண்டும் ஓடாத மெஷின்தானே?"

"இல்லம்மா. ஒடஞ்சிருந்தா எழுதி வெச்சதும் போயிருக்கும். குறைன்னா, எழுதினது எழுதினபடியே உள்ளே இருக்கும்."

  சுந்தராம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மாட்டிக் காட்டு."

"அம்மா, இவன் கைய வெச்சா மிச்சமும் போயிடும்!"

"நீதான் மிச்சம் ஒண்ணுமில்லன்னியே ராஜசேகர்."

ரகுவின் கை உதவாது. அம்சவல்லி மேஜைக்கு முன்னால் மண்டியிட்டாள். முதலில் அவன் சொன்னபடி, புதுப் போர்டு இருக்கும்போதே, சர்வீஸுக்காக அவன் அங்கேயே வைத்திருந்த ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினைக் கிளப்பினாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடின. ஃப்ளாப்பி இருக்கிறது. பிரிண்டர் இருக்கிறது. கதவுகளிலிருந்து வரும் கம்பிகள் இருக்கின்றன. டிஸ்க் என்ற வரி மட்டும் இல்லை.

"செத்தவன் இவ்வளவு பேசி நான் பாத்ததில்ல," என்றாள்.

பிறகு கரண்டை நிறுத்தி, திருகுகளைக் கழற்றி, புதுப் போர்டை உருவினாள். அதன் காலி அட்டைப்பெட்டி மேஜைக்கடியில் கிடந்தது. போர்டை அதில் வைக்கப் போனவள், உள்ளே ஒட்டியிருந்த வாரண்டிச் சீட்டைப் பார்த்து நின்றாள். கடைக்காரனின் ரப்பர் ஸ்டாம்ப். அதற்குள் தேதி. அவள் பேசாமல் சீட்டை உருவிக் கோதண்டத்திடம் நீட்டிவிட்டு, பழைய போர்டை அழுத்திப் பொருத்தினாள். நாடா போன்ற கம்பியை ரகு காட்டிய பக்கம் சொருகினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

பச்சை எழுத்துகள் மறுபடி ஓடின. இந்தத் தடவை ஃப்ளாப்பி வரிக்கு அடுத்து இன்னொரு வரி வந்தது. டிஸ்க். உள்ளே எதுவோ கரகரவென்று விழித்துக்கொண்டது. ரகுவின் திறந்த கண்ணில் தண்ணீர் நின்றது.

"செவ்வாய்க்கிழமை பதிவை எடுங்க மேடம். பிரிண்டருக்கும் அனுப்புங்க."

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பிரிண்டர் கிரீச்சிட்டு ஒவ்வொரு வரியாகத் துப்பியது. அம்சவல்லி திரையைப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"பதினொண்ணு அம்பது, மெயின் கேட், ராஜசேகர், வெளியே."

"நான்தான் சொன்னேனே, ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன்," என்றார் ராஜசேகர்.

"பன்னெண்டு நாப்பத்தெட்டு, பின்பக்கக் கழிவு கேட், நாகப்பன். பன்னெண்டு அம்பத்தெட்டு, அச்சு ரூம் கதவு..." அவள் குரல் இறங்கியது. "பாபு."

"ஹா!" ராஜசேகர் கைதட்டினார். "கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்? பாபு உள்ளே போயிருக்கான். கொலை நடந்த நேரம். ஆதாரம் வேணும்னீங்க, இவங்களே தோண்டி எடுத்துக் குடுத்துட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். ரகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.  காலையில் கம்பெனி வாசலில் பார்த்த பாஞ்சாலியின் கருகிய தலைமயிர் அம்சவல்லிக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணின் புருஷனைத் தூக்கில் போட ஒரு வரியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டோமா?

"நிறுத்தாதே அம்சா," என்றார் கோதண்டம். "அடுத்த வரி."

சாப்பாடு முடிந்து திரும்பியவர்களின் பெயர்களைத் தாண்டி அவள் படித்தாள். முதலில் அவளுக்கே புரியவில்லை. மறுபடி படித்தாள்.

"ஒண்ணு பதினெட்டு. கழிவு கேட். நாகப்பன்."

"இருக்கட்டுமே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்," அம்சவல்லி மெதுவாகத் திரும்பினாள். "சாப்பாடு முடியற சங்கு எத்தினி மணிக்கு ஊதினாங்க?"

"ஒண்ணு பத்து. ஊதினதும் எல்லாரும் உள்ளே வந்து பொணத்தைப் பாத்தாங்க."

"ஒண்ணு பதினெட்டுல பாபு எங்க இருந்தான்?"

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். பக்கத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "தூண்ல கட்டி வெச்சு நாப்பது பேரு அடிச்சிக்கினு இருந்தாங்க."

"அப்போ செத்துப்போன நாகப்பன் எழுந்து போய், தன் அட்டையத் தேய்ச்சு, பின்பக்க கேட்டைத் திறந்து வெளியே போயிருக்காரு. எனக்குத் தெரிஞ்சு அவருக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"பொணத்து சட்டைப் பையில அட்டை இருந்துச்சா இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டார் கோதண்டம்.

"இல்ல."

"கொன்னவன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அவனை, இரும்புக் கழிவை வெளியே ஏத்துற அந்தப் பின்பக்கக் கேட் வழியா உள்ளே விட்டதே நாகப்பன்தான், நம்பிக்கையான ஆள்னு நெனச்சு. பாபு முன்பக்கமா வந்ததும் அவன் அச்சு ரூமுக்குப் பின்னாலேயே ஒட்டியிருக்கிற கழிவுக் கூடத்துல பதுங்கிட்டான். எல்லாரும் பாபுவை அடிக்கிற சந்தடியில வெளியே போகணும், கேட் திறக்க அட்டை வேணும். தன் அட்டையைத் தேய்ச்சா பேர் விழுமே! செத்தவன் அட்டையைத் தேய்ச்சான். நேரமும் விழும்ங்கிறது அப்புறம்தான் உறைச்சிருக்கு. அதுக்கப்புறம் அவனுக்கு ஒரே வேலை, இந்த ஒரு வரியை இல்லாம பண்றது. டிஸ்க்கை உடைச்சா சந்தேகம் வரும். சிஸ்டமே ஒடஞ்ச மாதிரி காட்டினா வராது."

"கதை," என்றார் ராஜசேகர். 

கோதண்டம் வாரண்டிச் சீட்டைச் சுந்தராம்பாளிடம் கொடுத்தார். "சிஸ்டம் தானா படுத்தது புதன்கிழமை காலையிலன்னார். அதுக்கப்புறம் போர்டு வாங்கினேன்னார். கடை ஸ்டாம்பைப் படிங்கம்மா."

சுந்தராம்பாள் சீட்டைக் கண்ணருகே பிடித்தார். "இருபத்திரெண்டு, அக்டோபர், தொண்ணூத்தியொண்ணு."

"செவ்வாய்க்கிழமை," என்றாள் அம்சவல்லி. "ஜுரம் வர்றதுக்கு முந்தின நாளே மாத்திரை வாங்கிட்டாரு."

சுந்தராம்பாள் தலை நிமிர்ந்தபோது ராஜசேகர் சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டரைப் பிடுங்கிவிட்டிருந்தார். முதல் வீச்சு இன்ஸ்பெக்டரின் தாடையில் விழுந்தது. இரண்டு பல் மேஜையில் தெறித்தது. அடுத்ததைக் கம்ப்யூட்டர் மேல் ஓங்கினார். யோசிக்க நேரமில்லை. அம்சவல்லி பெட்டியைக் கட்டிக்கொண்டு அதன் மேல் கவிழ்ந்தாள்.

அடி அவள் வலது தோளில் இறங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கியது அவளுக்கே கேட்டது. வலி உடனே வரவில்லை. பிறகு கண் இருட்டும்படி வந்தது. "விடு! விடுடி!" என்று அவர் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. மூன்றாம் முறை சிலிண்டர் உயர்ந்தபோது கோதண்டம் தலையைக் குனிந்து அவர் வயிற்றில் முட்டினார். இருவரும் சேர்ந்து கண்ணாடித் தடுப்பை உடைத்துக்கொண்டு பிரஸ் ஷாப் தரையில் போய் விழுந்தார்கள்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கண்ணாடித் துண்டு ஒன்று ராஜசேகரின் கன்னத்தைக் காதுவரை திறந்திருந்தது. அவர் எழுந்து ஓடப் பார்த்தார். தொழிலாளிகள் வளைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை பாபுவை அடித்த அதே கைகள். ஒருவன் ஸ்பேனரை ஓங்கினான்.

"ஒருத்தன் கை வெச்சா அவனுக்கு நாளையிலிருந்து இங்க வேலை கிடையாது!" சுந்தராம்பாளின் குரல் உடைந்த தடுப்பு வழியாக வந்தது. "அன்னிக்கு அடிச்சது போதாதா உங்களுக்கு?"

ஸ்பேனர் தாழ்ந்தது. இன்ஸ்பெக்டர் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு வந்து விலங்கு மாட்டினார். "ஏன்யா கொன்னே?" என்று குழறிக் கேட்டதற்கு ராஜசேகர் பதில் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அறைக்குள் பிரிண்டர் தன் வேலையை முடித்து நின்றது. ரகு இடது கையால் காகிதத்தைக் கிழித்து எடுத்து, பத்திரமாக மடித்தான்.

---

ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷனில் பாபுவை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தபோது மணி ஆறு. காகிதப் பக்கங்களில் கையெழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பாஞ்சாலி அவன் காலடியில் உட்கார்ந்து அவனுடைய உள்ளங்கால்களைத் தடவிக்கொண்டிருந்தாள். அவை ஊதாவாக வீங்கியிருந்தன. மூன்று விரல் மட்டுமே மிச்சமிருந்த கையில் அவன் ஒரு டம்ளர் டீயைப் பிடித்திருந்தான். குடிக்கவில்லை.

தோளைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த அம்சவல்லி நடந்ததையெல்லாம் சொன்னாள். போர்டு, அட்டை, ஒன்று பதினெட்டு. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். முடித்ததும் கேட்டான்.

"மேனேஜரு எதுக்குக் கொன்னாருன்னு தெரியுமாக்கா?"

"அவன் வாயத் திறக்கல. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கோதண்டம் நிமிர்ந்தார்.

"என் வெரலு போன மெஷின்ல முன்னாடி ஒரு தடுப்பு இருந்துது. கை உள்ள போனா மெஷின் நிக்கும். வேலை வேகமா ஓடலன்னு அத்தக் கழட்டச் சொன்னது மேனேஜரு. கழட்டினது நாகப்பண்ணன். தடுப்பு இருந்துச்சு, பாபுதான் குடிச்சிட்டு வந்தான்னு எழுதி, அதுல அண்ணன் கையெழுத்தும் வாங்கிட்டாங்க. அதுக்குத்தான் நான் அன்னிக்கு அவர அப்படிப் பேசினேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"போன ஞாயித்துக்கிழம அண்ணன் வூட்டுக்கு வந்துச்சு. பாஞ்சாலி முன்னாடி நின்னு அழுதுச்சு. வர்ற சனிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளரு ஆபீஸுக்கு வந்து உண்மையச் சொல்லிடறேன்னுச்சு. மேனேஜர்கிட்டயும் நேர்ல சொல்லிட்டுத்தான் செய்வேன், முதுகுக்குப் பின்னாடி செய்ய மாட்டேன்னுச்சு. செவ்வாக்கிழம சாப்பாட்டுக்கு வரலியேன்னு கூப்புடத்தான் நான் உள்ள போனேன். மண்டையில ஓட்டைய அமுக்கிப் புடிச்சிக்கினு எவ்வளவோ கத்தினேன். யாரும் வரல. வந்தவங்க என்னை அடிச்சாங்க."

"இத ஏன்யா போலீஸ்ல சொல்லல?" என்றாள் அம்சவல்லி.

"மூணு நாளா அடிச்சாங்கக்கா. ஏன்டா கொன்னேன்னுதான் கேட்டாங்க. நீ கொன்னியான்னு ஒருத்தரும் கேக்கல."

  மேஜைக்கு அந்தப் பக்கம், வாயில் பஞ்சு அடைத்திருந்த இன்ஸ்பெக்டர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாபு பாஞ்சாலியின் தோளைப் பிடித்து எழுந்தான். பாதம் தரையில் பட்டதும் முகம் சுருங்கியது. மறுபடி நின்றான்.

"நாளைக்கு சனிக்கிழமதானேக்கா? அந்த ஆபீஸு எத்தினி மணிக்குத் தொறப்பாங்க? அண்ணன் சொல்ல வந்தத நான் போய்ச் சொல்றேன்."